உஷார்! ‘அஞ்சு நிமிஷ சைக்காலஜி சர்வே’ உங்கள் வீட்டுக்கும் வரும்

“அக்கா, சைக்காலஜி ப்ராஜெக்ட். ஒரு ஃபார்ம்தான். அஞ்சு நிமிஷம். ப்ளீஸ், நாளைக்கு லாஸ்ட் டேட்!”

இந்த மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கிறதா? உங்களுக்கு வராவிட்டாலும் உங்கள் மகளுக்கு வந்திருக்கும். படிக்கிற பிள்ளை, பாவம், உதவினால் என்ன குறைந்துவிடும் என்று நிரப்பியும் கொடுத்திருப்பீர்கள்.

அந்த ஃபார்மில் என்ன எழுதினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

இரவில் தூக்கம் வருகிறதா. காரணமில்லாமல் அழுகை வருகிறதா. வீட்டில் யாராவது கை ஓங்குகிறார்களா. வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றியதுண்டா. இத்தனைக்கும் மேலே, சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தில், உங்கள் பெயர். அதற்குக் கீழே போன் நம்பர்.

பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் ஓடிபி கேட்டால் உடனே போனை வைத்துவிடுகிறோம். மனசுக்குள் இருப்பதைக் கேட்டால் மட்டும் ‘எதுக்கு?’ என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. பாஸ்வேர்டு போனால் புதிது போட்டுக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்த அந்தரங்கம் வெளியே போனால் போனதுதான்.

மனசைப் பற்றிய ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும், நிறைய வேண்டும். மனச்சோர்வுக்கு இன்று கிடைக்கும் நல்ல சிகிச்சைகள் எல்லாம், முன்பின் தெரியாத யாரோ சிலர் நம்பி வந்து உட்கார்ந்து பதில் சொன்னதால் கிடைத்தவை. அப்படி நம்பி வருகிறவர்களைக் காப்பதற்கு விதிகள் இருக்கின்றன. பதில் சொல்கிற உங்களுக்கு உரிமைகள் இருக்கின்றன. ஆனால் அதை யாரும் உங்களிடம் சொல்வதில்லை. என் பயம் அதுதான்.

தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகே எழுதுகிறேன். ஊர், கல்லூரி, பெயர் எதுவும் இங்கே வராது.

முதலாமாண்டு மாணவி. ஹாஸ்டல். ஒருநாள் இரவு டிபனுக்குப் பிறகு ஹாஸ்டல் குரூப்பில் ஒரு கூகுள் ஃபார்ம் வந்தது. எம்.எஸ்சி. படிக்கும் சீனியர் அனுப்பியது. விடுதி மாணவிகளின் மன அழுத்தத்தைப் பற்றிய ஆய்வு. மேலே ஒரே ஒரு வரி: ‘உங்கள் பதில்கள் ரகசியமாகப் பாதுகாக்கப்படும்.’ அடுத்த கட்டத்தில் பெயர், ரூம் நம்பர். இரண்டும் கட்டாயம். பிறகு வரிசையாகக் கேள்விகள். கடைசியில் ஒரு பெரிய கட்டம்: ‘உங்கள் வாழ்க்கையில் உங்களை மிகவும் பாதித்த சம்பவத்தை எழுதவும்.’

அவள் எழுதினாள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தான் உயிரை விட முயன்றதை எழுதினாள். வீட்டார் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றி, சொந்தக்காரர்களுக்குக்கூடத் தெரியாமல் மூடிவைத்த விஷயம். யாரிடமும் சொல்லாததை, ‘ரகசியம்’ என்ற ஒரு வார்த்தையை நம்பி எழுதினாள். எழுதியபோது பாரம் இறங்கிய மாதிரி இருந்தது என்றாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த சீனியர் அதே குரூப்பில் இன்னொரு லிங்க் போட்டாள். “யார் யார் இன்னும் ஃபில் பண்ணலன்னு இதுல பார்த்துக்கங்க.”

பதில்கள் அத்தனையும் வந்து விழும் ஷீட் அது. லிங்க் கையில் இருக்கும் எவரும் பார்க்கலாம் என்று செட்டிங்கில் இருந்தது. முதல் கட்டத்தில் நேரம். அடுத்தது பெயர். அடுத்தது ரூம் நம்பர். விரலால் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால் கடைசிக் கட்டம். அந்தப் பெண்ணின் முழுக் கதை, அவள் பெயருக்கு நேர் வரிசையில்.

கொஞ்ச நேரத்தில் சீனியருக்கு விஷயம் புரிந்து லிங்க்கை நீக்கினாள். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை குளியலறை வரிசையில் பேச்சு நின்றது. இரண்டாம் நாள் வார்டன் அப்பாவுக்கு போன் போட்டார். “உங்க பொண்ணை ஹாஸ்டல்ல வெச்சிருக்கறது எங்களுக்கு ரிஸ்க் சார்.”

அவள் ஹாஸ்டலைக் காலி செய்தாள். இப்போது தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பிறகு ஒரு மனநல மருத்துவர் பரிவோடு கேட்டபோதும் அவள் வாய் திறக்கவில்லை. “எழுதிக்காதீங்க, அப்பத்தான் பேசுவேன்” என்றாளாம்.

சீனியரின் ப்ராஜெக்ட்? வைவா முடிந்து பாஸாகிவிட்டது.

அந்த சீனியர் கெட்ட பெண் இல்லை. விஷயம் தெரிந்ததும் அழுது மன்னிப்புக் கேட்டாள். அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பெயரே இல்லாமல் செய்திருக்க வேண்டிய ஆய்வு இது. மன அழுத்தத்தின் அளவைக் கணக்கெடுக்க ரூம் நம்பர் எதற்கு? பின்னால் அதே ஆளை மறுபடி பார்க்க வேண்டிய ஆய்வாக இருந்தால், ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டிவைப்பார்கள். பதில்கள் ஓரிடம், பெயர்கள் ஓரிடம். ஆராய்ச்சி முறையில் முதல் பாடமே இதுதான். அடுத்தது அந்தக் கடைசிக் கேள்வி. இவ்வளவு ஆழமான காயத்தைக் கிளறும் கேள்வியைக் கேட்டால், பதில் எழுதியவர் கலங்கிப்போனால் யாரை அழைப்பது என்று ஒரு கவுன்சலர் நம்பராவது கீழே போட வேண்டும். அதுவும் இல்லை. கேள்வித்தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கைடு ஒருவர் இருந்தாரே, அவர் என்ன பார்த்தார்?

நன்றாகக் கவனியுங்கள். தீங்கு செய்யக் கெட்ட எண்ணம் தேவையில்லை.

‘ஒரு ஸ்டூடண்ட் ப்ராஜெக்ட்தானே, இதிலென்ன’ என்று நினைக்கிறீர்களா? அப்படியென்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1939. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊர். அங்கே ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று. அயோவா பல்கலைக்கழகத்தில் பேச்சுக் கோளாறுகளை ஆராய்ந்த வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியர், தன் மாணவி மேரி டியூடரை அங்கே அனுப்பினார். அவளுடைய முதுகலை ஆய்வேட்டுக்காக.

ஜான்சனுக்கே திக்குவாய். அந்த அவஸ்தையை அனுபவித்தவர். திக்குவாய் பிறவியில் வருவதில்லை, சின்னக் குழந்தை இயல்பாகத் தடுமாறும்போது பெரியவர்கள் ‘நீ திக்குகிறாய்’ என்று முத்திரை குத்துவதால்தான் வருகிறது என்று அவர் நம்பினார். அதை நிரூபித்தால் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றலாம் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான்.

22 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 10 பேருக்கு ஏற்கெனவே திக்கல் இருந்தது. மற்ற 12 பேரும் சாதாரணமாகப் பேசுகிற குழந்தைகள். அந்த 12 பேரில் ஆறு பேரிடம், ‘உன் பேச்சில் கோளாறு இருக்கிறது, திக்க ஆரம்பித்துவிட்டாய், சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே’ என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். கள்ளங்கபடமில்லாத குழந்தைகளிடம். அம்மா அப்பா இல்லாத குழந்தைகளிடம்.

என்ன ஆனது தெரியுமா? குழந்தைகள் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு வார்த்தை பேசவும் பயந்தார்கள். வகுப்பில் பதில் சொல்ல மறுத்தார்கள். படிப்பு சரிந்தது. நீங்கள் ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறீர்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து, முதுமை அடைந்து, 2001-இல் ஒரு செய்தித்தாள் வெளியிட்ட பிறகுதான் தங்களுக்கு நடந்தது அவர்களுக்கே தெரிந்தது! பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் அயோவா மாநில அரசு 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களில் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். பணம் அவர்கள் வாரிசுகளுக்குப் போனது.

அந்த ஆராய்ச்சியில் எதிரெதிர்க் குழுக்கள் இருந்தன, ஒப்பீடு இருந்தது, பதிவேடு இருந்தது. காகிதத்தில் பார்த்தால் முறையான ஆய்வு. ஜான்சனின் கருத்தை அது நிரூபிக்கக்கூட இல்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆறு குழந்தைகளின் பேச்சைப் பறித்ததற்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஜான்சனின் சக ஆய்வாளர்களே அதை ‘மான்ஸ்டர் ஸ்டடி’ என்று அழைத்தார்கள். ராட்சச ஆய்வு. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதுபோல் இன்னும் உண்டு. 1920-இல் ஜான் வாட்சன் என்பவர் ஒரு வயதுகூட நிறையாத ஒரு குழந்தைக்கு வெள்ளெலியைக் காட்டி, பின்னால் இரும்புக் கம்பியில் சுத்தியலால் அடித்துப் பயத்தைப் பழக்கினார். பயத்தைப் போக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் கல்லூரி மாணவர்களையே கைதிகள், காவலர்கள் என்று பிரித்து ஒரு பொய்ச் சிறை நடத்தினார்கள். இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டதை ஆறே நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஸ்டான்லி மில்கிராம் செய்தது வேறு வகை. 1961, யேல் பல்கலைக்கழகம். ‘ஞாபகசக்தி பற்றிய ஆய்வு, ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர்’ என்று பத்திரிகையில் விளம்பரம். வந்தவரிடம், பக்கத்து அறையில் இருப்பவர் தப்பான பதில் சொன்னால் கரண்ட் ஷாக் கொடு என்றார்கள். ஷாக் பொய். பக்கத்து அறையில் இருந்தவர் நடித்தார். ஆனால் பட்டனை அழுத்தியவருக்கு அது தெரியாது. முதலில் வெளியான ஆய்வில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். வியர்த்தார்கள், நடுங்கினார்கள், நகத்தால் கையைக் குத்திக்கொண்டார்கள். ‘நான் ஒரு மனிதனைக் கொல்லத் துணிந்தவனா?’ என்ற கேள்வியோடு வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள்.

எதற்காக இதைச் சொல்கிறேன் என்றால், மனவியல் ஆய்வில் உங்களிடம் உண்மையான நோக்கத்தை மறைப்பதற்கு இன்றைக்கும் இடமுண்டு. ஆம், விதிகளே அதை அனுமதிக்கின்றன! எதற்கு என்று முன்பே சொல்லிவிட்டால் சில ஆய்வுகளில் பதில் மாறிவிடும். ஆனால் கடுமையான நிபந்தனைகள் உண்டு. வேறு வழியே இல்லாதபோதுதான் மறைக்கலாம். வலியோ பெரும் மன வேதனையோ தரக்கூடிய விஷயத்தை மறைக்கவே கூடாது. முடிந்தவுடன் உங்களை உட்காரவைத்து உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும். கேட்ட பிறகு ‘என் பதிலைச் சேர்க்காதீர்கள்’ என்று நீங்கள் சொன்னால் நீக்க வேண்டும். ஆய்வு முடிந்து, ‘தேங்க்ஸ், போகலாம்’ என்று மட்டும் ஒருவர் சொன்னால், போகாதீர்கள். “உண்மையில் எதைச் சோதித்தீர்கள்?” என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் போனுக்கு வருவோம்.

‘நீங்கள் எந்த மாதிரி ஆளுமை? பத்தே கேள்வியில் தெரிந்துகொள்ளுங்கள்!’ ஃபேஸ்புக்கில் தட்டியிருக்கிறீர்களா? 2014 வாக்கில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனவியல் விரிவுரையாளர் அலெக்சாண்டர் கோகன் இப்படித்தான் ஓர் ஆளுமைத் தேர்வு ஆப் விட்டார். மனவியலாளர்கள் பயன்படுத்தும் ஆய்வு ஆப் என்று சொல்லப்பட்டது. பதில் சொன்னவர்களின் விவரத்தோடு அவர்களுடைய ஃபேஸ்புக் நண்பர்களின் விவரமும் சேர்ந்து போனது. போய்ச் சேர்ந்த இடம், அரசியல் பிரசாரத்துக்கு வேலை செய்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா. உலகம் முழுக்க 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018-இல் ஃபேஸ்புக் சொன்னது.

இந்தியாவில் அந்த ஆப்பைப் போட்டவர்கள் வெறும் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர்.

திரும்பப் படியுங்கள். 335 பேர் ‘சும்மா’ பதில் சொன்னார்கள். ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம் போயிருக்கலாம். உங்கள் சம்மதம் உங்களோடு நிற்பதில்லை, உங்களை நம்பி இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு போகிறது.

2012 ஜனவரியில் ஃபேஸ்புக்கே 6,89,003 பேரின் பக்கத்தில் வரும் செய்திகளை ஒரு வாரம் மாற்றிப் பார்த்தது. சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைத்தது. சிலருக்குச் சோகமானவற்றைக் குறைத்தது. அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று கவனித்தது. அதில் யாருக்காவது ஏற்கெனவே மனசு உடைந்திருந்ததா? யாரும் கேட்கவில்லை. கணக்குத் தொடங்கும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ தட்டினீர்களே, அதுதான் சம்மதம் என்றார்கள். 2014-இல் ஆய்வு வெளியானபோது பெரும் கொதிப்பு. ஆய்வை வெளியிட்ட இதழே கவலை தெரிவித்துக் குறிப்புப் போட்டது.

அம்மாக்களே, அப்பாக்களே, இந்தப் பகுதி உங்களுக்கு.

பள்ளியில் ‘உங்கள் குழந்தையின் உள்ளார்ந்த அறிவை விரல் ரேகையில் கண்டுபிடிக்கிறோம்’ என்று டிஎம்ஐடி என்றொரு சோதனை வந்திருக்கும். பத்து விரலையும் ஸ்கேன் செய்து, வண்ண வண்ணமாக அச்சடித்த ரிப்போர்ட் தருவார்கள். இடது மூளை இத்தனை சதவீதம், வலது மூளை இத்தனை சதவீதம், இன்ன குரூப் எடுத்தால் நல்லது. ஆயிரக்கணக்கில் கட்டணம். ஐயா, விரல் ரேகை கருவில் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடுகிறது. அது குழந்தைக்குக் கணக்கு வருமா, பாட்டு வருமா என்று சொல்லும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே இதற்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டது. ரிப்போர்ட்டில் ஹோவர்ட் கார்ட்னர் பெயரைப் பெரிதாகப் போடுவார்கள். 1983-இல் பன்முக அறிவுத்திறன் கோட்பாட்டைச் சொன்னவர் அவர். விரல் ரேகையைப் பார்க்கச் சொன்னவர் அல்லர்.

ஒரு மனவியல் சோதனை நல்லதா என்று பார்க்க இரண்டு கேள்வி போதும். அதே பிள்ளைக்கு அடுத்த மாதம் வைத்தாலும் ஏறக்குறைய அதே விடை வருமா? எதை அளப்பதாகச் சொல்கிறார்களோ அதைத்தான் அளக்கிறதா? டிஎம்ஐடிக்காரர்கள் முதல் கேள்விக்கு ஜோராகப் பதில் சொல்வார்கள், ரேகை மாறாதே! இரண்டாவது கேள்வியை விடாமல் கேளுங்கள். ‘உன் பிள்ளைக்கு சயின்ஸ் வராது’ என்று எட்டு வயதில் குத்தும் முத்திரை எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். டேவன்போர்ட்டில் அந்த ஆறு குழந்தைகளுக்குக் குத்தியதும் முத்திரைதான்.

பள்ளிக்கு வந்து யாராவது உங்கள் பிள்ளையிடம் ஆய்வு செய்கிறார்களா? ஹெட்மாஸ்டர் அனுமதித்துவிட்டார் என்றால் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐசிஎம்ஆர் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் மனிதர்களிடம் செய்யும் உடல்நல, மனநல, நடத்தை ஆய்வுகளுக்குச் சேர்த்தே எழுதப்பட்டவை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதோடு ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் அதற்குப் புரிகிற மாதிரி சொல்லி, அதன் இசைவையும் பெற வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்பதற்காக, ‘எனக்குப் பிடிக்கல’ என்கிற பிள்ளையை இழுத்து உட்கார வைக்கக்கூடாது.

எல்லோரும் இதை மதிக்கிறார்களா? அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 2009-10-இல் பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி ஆய்வு நடந்தது. அது மருத்துவ ஆய்வு, மனவியல் அல்ல. ஆனால் பாடம் ஒன்றே. பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை ஆயிரக்கணக்கான படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசியைக் குறை சொல்லவில்லை. பெற்றவளைக் கேட்காமல் பிள்ளையின் மேல் கை வைத்ததைச் சொல்கிறேன்.

இன்னொரு ஆபத்து, மதிப்பெண்.

பல ஆய்வுகளில் ‘பிஎச்க்யூ-9’ என்ற ஒன்பது கேள்விப் பட்டியலைக் கொடுப்பார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. நல்ல கருவிதான். ஆனால் மருத்துவரைப் பார்ப்பது நல்லதா என்று தெரிந்துகொள்ள உதவும் முதல்கட்டக் கேள்விகள் அவை, அவ்வளவே. 16 வந்தது, எனக்கு டிப்ரஷன் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். 4 வந்தது, ஒன்றுமில்லை என்று அடுத்தவரையும் விட்டுவிடாதீர்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்கும். ‘ஏறக்குறைய தினமும்’ என்று ஒரு பெண் டிக் அடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு செய்பவர் அந்த ஷீட்டை இரண்டு மாதம் கழித்துத்தான் திறக்கிறார். அந்த இரண்டு மாதம் அவளை யார் பார்ப்பது? இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு அன்றன்றைக்குப் பதிலைப் பார்க்கும் கடமை உண்டு. முடியாது என்றால் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குத் தகுதி இல்லை. நான் உறுதியாகச் சொல்கிறேன்.

சரி, எதைக் கண்டால் உஷாராக வேண்டும்?

ஆய்வு செய்பவரின் முழுப்பெயர், கல்லூரி, கைடு பெயர், தொடர்பு எண் இல்லாத ஃபார்ம். மூடிவிடுங்கள்.

‘ரகசியம்’ என்று எழுதியிருக்கிறது, ஆனால் பெயரும் போனும் கட்டாயம். எதற்கு என்று கேளுங்கள். பெயர் வாங்கினாலே தப்பு என்று இல்லை. காரணமும் பூட்டும் இருக்க வேண்டும். பெயரே வாங்காதது ஒரு வகை. வாங்கிவிட்டு வெளியே விடாமல் காப்பது இன்னொரு வகை. இரண்டையும் குழப்பிப் பேசுகிறவருக்கு ஆய்வு முறை தெரியாது என்று அர்த்தம்.

நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதித்ததா என்று கேட்டால் ‘அதெல்லாம் எதுக்கு மேடம்’ என்கிறாரா? எழுந்துவிடுங்கள்.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறதா? உங்களுக்குப் புரிகிற மொழியில் தர வேண்டியது அவர் கடமை. உங்களுக்குத் தெரியாத மொழியில் போட்ட கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

பாதியில் நிறுத்தக்கூடாது என்கிறாரா? பெரும் அபாயம்! எந்த நிமிடமும், காரணம் சொல்லாமல், எழுந்து போக உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் உங்கள் சிகிச்சையோ சம்பளமோ இன்டர்னல் மார்க்கோ பாதிக்கப்படக்கூடாது. வகுப்பாசிரியரே ஃபார்மைக் கொடுத்து ‘எல்லாரும் ஃபில் பண்ணணும்’ என்று வாசலில் நிற்பது ஒப்புதல் இல்லை, கட்டாயம்.

மனநல சிகிச்சையில் இருப்பவரா நீங்கள், உங்கள் வீட்டாரா? கூடுதல் கவனம். வெறும் பேட்டி எடுக்கும் ஆய்வாக இருந்தாலும் சுதந்திரமான, விஷயம் அறிந்த ஒப்புதல் வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. டாக்டரின் அறையில் ஒரு மூலையில் யாரோ நோட்டுடன் உட்கார்ந்திருந்தால், அவர் யார் என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

‘ஆய்வு சொல்கிறது’ என்று வரும் ஃபார்வர்டுகளிலும் கவனம். செல்போன் அதிகம் பார்க்கும் பிள்ளைகளிடம் மனச்சோர்வு அதிகம் என்று ஒரு சர்வே சொல்லலாம். செல்போனால்தான் மனச்சோர்வு என்று அந்த சர்வே சொல்ல முடியாது. மனசு சரியில்லாத பிள்ளைதான் செல்போனுக்குள் ஒளிந்துகொள்கிறதோ என்னவோ! பேராசிரியர்கள் செய்த பெரிய ஆய்வுகளே தடுமாறுகின்றன. புகழ்பெற்ற இதழ்களில் வந்த 100 மனவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மறுபடியும் அதே திசையில் தெளிவான விடை தந்தது. அப்படியிருக்க, ஹாஸ்டல் குரூப்பில் ஃபார்ம் விட்டு வாங்கிய 80 பதிலை வைத்துத் ‘தமிழக இளைஞர்கள்’ என்று தலைப்புப் போடுகிறார்களே! அதை நம்பி உங்கள் மகனைத் திட்டாதீர்கள்.

ஆய்வு செய்யும் பிள்ளைகளே, உங்கள் மேலும் எனக்கு அக்கறை உண்டு. மேரி டியூடர் கெட்டவள் இல்லை. ஆய்வு முடிந்த பிறகும் மனசு கேட்காமல் அந்த இல்லத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், குழந்தைகளைத் தேற்றப் பார்த்தாள். முடியவில்லை. அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம். டேட்டா வாங்குவதற்கு முன்பே நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். குழுவே இல்லாத கல்லூரி என்றால் கைடிடம் கேட்டு, குழு உள்ள இடத்தின் அனுமதியை வாங்குங்கள். தேவைப்படாத ஒரு விவரத்தைக்கூட வாங்காதீர்கள். வாங்காத பெயர் வெளியே கசியாது. ஷீட்டை யார் யார் திறக்க முடியும் என்று இன்றைக்கே பாருங்கள். ப்ராஜெக்ட் முடிந்தும் அழிக்காமல் கிடக்கும் பழைய ஷீட்டையும் சேர்த்துத்தான்.

இன்றிரவு சாப்பிடும்போது உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: சமீபத்தில் ஏதாவது சர்வே ஃபார்ம் நிரப்பினாயா, அதில் என்ன கேட்டார்கள், பெயர் எழுதினாயா? திட்டாமல் கேளுங்கள். எழுதியிருந்தால், அந்த ஆய்வாளரை அழைத்து, “என் பெண்ணின் பதிலை நீக்கிவிட்டு எனக்குத் தெரிவியுங்கள்” என்று சொல்லுங்கள். மறுத்தால் துறைத் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள். அந்த ஃபார்மில் எதையாவது எழுதிய பிறகு பிள்ளை கலங்கிப்போயிருப்பதாகத் தோன்றினால் காத்திருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. நாள் முழுக்க இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.